வைகைக் கரையில் சர்வே: சின்ன வயசு ஆற்றுப் பழக்கத்தை எப்படிக் கேட்பது?

கரைவாசி

மதுரையில் ஆரப்பாளையம் தொடங்கி ஓபுளா படித்துறை தாண்டி, வைகையின் இரு கரையிலும் வீடு வீடாகப் போய் ஒரு சர்வே எடுக்கப் போகிறோம். சின்ன வயதில் ஆற்றில் புழங்கியவர்களும் புழங்காதவர்களும் இன்றைய வைகையை வேறுவேறு கண்ணோடு பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி. கரையில் தடுப்புச்சுவர், சாலை, நடைபாதை, ஆற்றுக்குள் தடுப்பணை என்று வேலைகள் நடந்திருக்கின்றன. இதில் யாருக்கு எது பிடிக்கிறது, ஏன் என்று தெரிய வேண்டும்.

கையில் இருக்கும் வரைவில் "சிறுவயதில் உங்களுக்கு இயற்கையோடு தொடர்பு இருந்ததா?", "வைகை தூய்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா?" என்ற மாதிரிக் கேள்விகள்தான் அதிகம். இரண்டுக்கும் எல்லாரும் "ஆமா"தான் சொல்வார்கள் என்று படுகிறது. வேறு எப்படிக் கேட்கலாம்? எத்தனை பேரைப் பார்த்தால் போதும்? வயதானவர்கள் பழையதை நினைத்து உருகுவதையும் உண்மையான அனுபவ வித்தியாசத்தையும் எப்படிப் பிரிப்பது?

---

மணல்மேடு

"இயற்கையோடு தொடர்பு" என்று கேட்டால் கொடைக்கானல் டூர், மொட்டைமாடி ரோஜாச்செடி, பள்ளிக்கூட வேப்பமரம் எல்லாம் ஒரே கூடையில் வந்து விழும். செய்ததைக் கேளுங்கள், உணர்ந்ததைப் பிறகு பார்க்கலாம். அதுவும் மதுரைப் பேச்சிலேயே:

- ஆத்துல குளிச்சிருக்கீங்களா? எந்தப் படித்துறையில?
- நீச்சல் எங்க பழகுனீங்க? ஆறு, கிணறு, கண்மாய், நீச்சல் குளம், பழகவே இல்ல?
- மணல்ல ஊத்து தோண்டித் தண்ணி எடுத்ததுண்டா? எவ்வளவு ஆழத்துல தண்ணி வந்துச்சு: முழங்கை, முழங்கால், இடுப்பு?
- அயிரை, கெண்டை பிடிச்சிருக்கீங்களா? எதை வச்சு?
- துணி துவைக்க, மாடு குளிப்பாட்ட ஆத்துக்குப் போவீங்களா?
- ஆத்துக்குள்ள விளையாட்டு உண்டா?
- இல்ல, அழகர் இறங்குற அன்னைக்கு மட்டும்தானா?

ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில் போதும்: அநேகமாகத் தினமும், வாரத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஒருபோதும் இல்லை. வயதை 6 முதல் 12 என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். "சின்ன வயசுல" என்று பொதுவாகவிட்டால் சிலர் கல்லூரிக் காலத்தையும் சேர்த்துவிடுவார்கள். "அஞ்சாப்பு படிக்கும்போது வீடு எங்க இருந்துச்சு?" என்று தொடங்கினால் ஆள் சட்டென்று அந்தக் காலத்துக்குப் போய்விடுவார்.

எதை வெட்டினாலும் ஊற்றுக் கேள்வியை வெட்டாதீர்கள். அதற்கு இரட்டைப் பயன். தோண்டியவருக்கு அதன் நுணுக்கம் தெரியும்: முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும், கொட்டாங்கச்சியால் இரண்டு மூன்று தடவை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால்தான் தெளிந்த தண்ணீர் ஊறும், குழியின் ஓரத்தைச் சரிவாக வைக்காவிட்டால் மணல் உள்ளே இடிந்து விழும். யாரோ சொல்லக் கேட்டவருக்கு இது வராது. இன்னொன்று, அவர் சொல்லும் ஆழம் அந்தக் காலத்து மணலின் நிலையைக் காட்டுகிறது. மணல் அள்ளிப் போன பிறகு வளர்ந்தவர்களுக்கு ஊற்று என்பதே கேள்விப்பட்ட சமாசாரம்தான். அயிரையும் அப்படித்தான். மணல் தரையும் தெளிந்த ஓட்டமும் இருந்தால்தான் அது நிற்கும். ஆகாயத்தாமரை மூடிய தேக்கத்தில் அயிரை தேடிப் பயனில்லை.

2006-இல் வெல்ஸ், லெக்கீஸ் என்ற இருவர் அமெரிக்க நகரங்களில் 2,000 பெரியவர்களை வைத்து வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு நெருங்கிய உறவு. 11 வயதுக்கு முன் காட்டில் நடப்பது, மீன் பிடிப்பது போன்றவற்றுக்கும், செடி நட்டுப் பூப்பறிப்பதற்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்தார்கள். பெரியவரான பிறகு சுற்றுச்சூழல் மேல் இருக்கும் அக்கறையோடு இரண்டுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் முதல் வகைக்குத்தான் பிடி பலம். அதனால் ஆற்றுக்குள் இறங்கியதையும் கரையில் நின்று பார்த்ததையும் ஒரே கேள்வியில் போட்டுக் குழப்பாதீர்கள்.

பார்வையை அளக்க "தூய்மை வேண்டுமா" கேள்வியைத் தூக்கி எறியுங்கள். வேண்டாம் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும்படி கேளுங்கள். நான்கு படங்கள்: சுவரும் நடைபாதையும், மணலும் படித்துறையும் மரமும், தடுப்பணையில் நிரம்பி நிற்கும் தண்ணீர், கரையோர நான்குவழிச் சாலை. வரிசைப்படுத்தச் சொல்லி, முதலில் எடுத்ததற்கும் கடைசியில் ஒதுக்கியதற்கும் காரணத்தை அவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே அளவு, ஒரே வெளிச்சம், ஒரே பருவம். ஒன்றில் மட்டும் குப்பை, ஒன்றில் மட்டும் சிரிக்கும் குழந்தை இருந்தால் சர்வே செத்தது. நீட்டும் வரிசையையும் வீட்டுக்கு வீடு மாற்றுங்கள்.

முக்கியமாக, இந்தப் படங்கள் முதலில், சின்ன வயசுக் கேள்விகள் கடைசியில். மாற்றி வைத்தால் ஊற்றுத் தண்ணீரை நினைத்து ஈரமான மனசோடு மணல் படத்தை எடுத்துவிடுவார். அது அவருடைய பார்வையா, நீங்கள் மூட்டிவிட்டதா என்று பிறகு சொல்ல முடியாது.

---

கணக்குவாத்தியார்

எண்ணிக்கைக்கு வருகிறேன். மொத்த ஊருக்கும் ஒரே சதவீதம் சொல்லப் போவதாக இருந்தால் 384 பேர் போதும், பிழை 5 சதவீதப் புள்ளிக்குள் அடங்கும். ஆனால் நீங்கள் குழுக்களை ஒப்பிடப் போகிறீர்கள். 96 பேர் உள்ள ஒரு குழுவில் பிழை 10 புள்ளி ஆகிவிடும். ஆகவே கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: மூன்று வயதுப் பிரிவு (20–39, 40–59, 60க்கு மேல்), ஆண் பெண், மதுரைக் கரையில் வளர்ந்தவர் வேறிடத்தில் வளர்ந்தவர். மொத்தம் 12 கட்டம், கட்டத்துக்கு 30 என்றால் 360. ஒரே தெருவில் வரிசையாக வீடு எடுத்தால் அக்கம்பக்கத்தார் பதில் ஒன்றுபோலவே இருக்கும், அதற்கு ஈடாக ஒன்றரை மடங்கு, அதாவது 540. கை, காசு இல்லையென்றால் தெருக்களை அதிகமாக்கித் தெருவுக்கு ஐந்தாறு வீடு மட்டும் எடுங்கள். அதுவே பாதிச் சுமையைக் குறைக்கும்.

வயதா, காலமா என்ற கேள்விக்கு ஒரே தடவை எடுக்கும் சர்வேயில் நேர்வழி கிடையாது. இன்றைய வயதிலிருந்து பிறந்த வருஷம் தானாக வந்துவிடும், இரண்டையும் பிரிக்க எந்தச் சூத்திரமும் உதவாது. சுற்றுவழி உண்டு. 60 வயதுக்காரரை 25 வயதுக்காரரோடு ஒப்பிடாதீர்கள். கரையில் வளர்ந்த 60 வயதுக்காரரை, உசிலம்பட்டியிலோ விருதுநகரிலோ வளர்ந்து பின்னால் மதுரைக்குக் குடிவந்த 60 வயதுக்காரரோடு ஒப்பிடுங்கள். வயதின் உருக்கம் இருவருக்கும் பொது. ஆறு ஒருவருக்குத்தான். மேலே சொன்ன கட்டத்தில் "வேறிடத்தில் வளர்ந்தவர்" இருப்பது இதற்காகத்தான், ஆள் கிடைக்கவில்லை என்று அந்தக் கட்டத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

வேறிடம் என்றால் எந்த இடம் என்பதையும் கேளுங்கள். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவருக்கு ஆறு என்றால் வருஷம் பூராவும் ஓடுவது, அவர் வைகையைப் பார்த்து "இது ஆறா?" என்பார். கமுதிப் பக்கம் காய்ந்த குண்டாற்றைப் பார்த்து வளர்ந்தவருக்கு வைகையில் ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடினாலே பெரிய விஷயம். இருவரையும் "வெளியூர்" என்று ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யம்தான் வரும்.

நினைவுப் பிழைக்கு ஒரு நிகழ்ச்சி அட்டை வைத்துக்கொள்ளுங்கள். 1981 ஜனவரி உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தது, 1984 இந்திரா மரணம், 1987 டிசம்பர் எம்.ஜி.ஆர். மரணம், 1991 ராஜீவ், 2004 சுனாமி. "மாநாடு நடந்தப்போ ஆத்துல குளிச்சிட்டிருந்தீங்களா, விட்டுட்டீங்களா?" என்றால் வருஷம் கச்சிதமாக விழும். வெறும் "எந்த வருஷம் வரைக்கும்?" என்றால் எல்லாரும் 80, 90 என்று முழு எண்ணாகவே சொல்வார்கள். பத்தில் ஒருவரிடம் மூன்று வாரம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். முதல் தடவை "தினமும்" என்றவர் இரண்டாம் தடவை "எப்பவாவது" என்றால் அந்தக் கேள்வியைப் பகுப்பாய்வில் சேர்க்க வேண்டாம்.

கடைசிக் கணக்கில் எத்தனை காரணிகளைப் போடலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: 360 பேரில் 126 பேர் மணல் படத்தை முதலில் எடுத்தால், பத்துக்கு ஒன்று வீதம் 12 காரணிக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆற்றுப் பழக்கம், பிறந்த காலம், பால், இப்போது வீட்டுக்கும் ஆற்றுக்கும் உள்ள தூரம், வீட்டுக்குள் வெள்ளம் வந்ததுண்டா, படிப்பு... இதற்குள்ளேயே பாதி நிரம்பிவிடும்.

---

மதகு

நீரியல் பக்கம் ஒன்று விட்டுப்போகிறது. "எங்க காலத்துல வைகையில் எப்பவும் தண்ணி ஓடும்" என்ற பேச்சை அப்படியே தரவாக ஏற்றாதீர்கள். வைகை மழையாறு. பெரியாறு அணை 1895-இல் வந்த பிறகு மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரும் சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு வந்தது. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது, முழு நீர்மட்டம் 71 அடி. அணைக்குக் கீழே, ஆற்றின் குறுக்கே மதகுகள் உள்ள பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிந்துவிடுகிறது. ஜூனில் இருபோகப் பாசனத்துக்கு, செப்டம்பரில் ஒருபோகத்துக்கு என்று அணையைத் திறந்தாலும், அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி பேரணையில் கால்வாய்க்குப் போய்விடும். மதுரைப் பாலத்தில் நிற்பவருக்கு ஆறு காய்ந்தே கிடக்கும். சிவகங்கை, ராமநாதபுரத்துக்கு விடும்போதும், சித்திரையில் அழகருக்காக விடும்போதும்தான் நகருக்குள் ஓட்டம். மழைக்காலத்தில் அணை நிரம்பி மிகுதி வந்தால் அது தனி.

இதை வைத்துச் சரிபார்க்க வழி இருக்கிறது. நீர்வளத் துறையில் அணை வெளியேற்றமும் பேரணைக்குக் கீழே விட்ட அளவும் நாள்வாரியாகப் பதிவாகும். ஒருவர் பத்து வயதாக இருந்த வருஷங்களை எடுத்து, நகருக்குத் தண்ணீர் வந்த நாள் எத்தனை என்று எண்ணி, அவர் சொன்னதோடு பொருத்திப் பாருங்கள். "எப்பவும் ஓடுச்சு" என்றவர் காலத்தில் வருஷத்துக்கு இரண்டு மாதம்தான் ஓடியது என்று பதிவு சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஓடாத நாளிலும் மணலுக்கு அடியில் தண்ணீர் இருந்தது. மேலே ஊற்றைப் பற்றி எழுதியவர் சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. குளிக்க, குடிக்கக் கையெட்டும் ஆழத்தில் தண்ணீர் இருந்ததையே அவர் "ஆத்துல தண்ணி" என்கிறார். மணல் போனபோது அந்த இரண்டாவது ஆறும் போய்விட்டது.

இளையவர்களிடம் இதன் மறுபக்கம். தடுப்பணையில் தேங்கி நிற்பதைப் பார்த்து "ஆத்துல தண்ணி இருக்கே" என்பார்கள். அதில் சாக்கடை கலந்து, ஓட்டம் நின்று, ஆகாயத்தாமரை மூடியிருந்தாலும் அவர்களுக்கு அதுவே நிறைந்த ஆறு. 1995-இல் மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி எழுதியது இதே நோய்தான்: ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த நிலையையே சரியான அளவு என்று வைத்துக்கொள்கிறது. உளவியலாளர் பீட்டர் கான் ஹூஸ்டன் நகரக் குழந்தைகளிடம் பேசியபோது, மாசு என்றால் என்ன என்று சரியாக விளக்கிய பலர் தங்கள் ஊரில் அது இருப்பதாக நினைக்கவில்லை. உங்கள் படத் தொகுப்பில் தடுப்பணைப் படத்தை யார் எடுக்கிறார்கள் என்பதில் இது பளிச்சென்று தெரியும்.

கிருதுமாலை ஒரு சோதனைக் கேள்வியாகச் சேருங்கள். துவரிமான், நாகமலைப் பக்கம் கிளம்பி நகருக்குள் புகுந்து தெற்கே போகும் ஆறு அது. அதன் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். ஆறு, வாய்க்கால், சாக்கடை என்று மூன்று பதிலில் எது எந்த வயதிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டால், நீளமான பத்துக் கேள்வியைவிட அது அதிகம் சொல்லும்.

---

படித்துறை

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லாப் பழக்கத்தையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன். குளித்து விளையாடிய பையனுக்கும், விடிகாலையில் அம்மாவோடு மூட்டை மூட்டையாகத் துணி வெளுத்த பிள்ளைக்கும் "தினமும் ஆற்றில்" என்ற ஒரே பதில்தான் வரும். ஒருவருக்கு அது விளையாட்டு, மற்றவருக்கு வேலை. இன்றைக்குக் கரையில் சுவர் எழுப்பினால் முதலாமவர் அழகு போச்சு என்பார், இரண்டாமவர் துவைகல்லும் காயப்போடும் மணலும் போச்சு என்பார். இரண்டு பேரும் மணல் படத்தையே எடுக்கலாம், காரணம் வேறு. விளையாட்டு, வேலை, சடங்கு என்று மூன்று தனி வரியாக வையுங்கள்.

பெண்களிடம் 6–12 என்ற வரம்பு மட்டும் போதாது. வயசுக்கு வந்ததும் பல வீடுகளில் ஆற்றுக்குப் போவது நின்றிருக்கும். "எந்த வயசுல நிறுத்துனீங்க, யார் சொல்லி?" என்பது கட்டாயம் வேண்டும். ஆண்களிடமும் அதையே கேளுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். பெண்களைப் பெண்களே கேட்க வேண்டும். வீட்டு ஆண் பக்கத்தில் உட்கார்ந்தால் அவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவார்.

எந்தப் படித்துறை என்ற கேள்வியை அலட்சியமாக விடாதீர்கள். யார் எங்கே இறங்கலாம் என்பதில் சாதி இருந்தது. சாதியை நேராகக் கேட்டால் பேட்டி அங்கேயே முறியும். "பக்கத்துல இருந்த படித்துறையை விட்டுட்டுத் தள்ளிப் போக வேண்டி வந்துச்சா?" என்றால் சொல்ல விரும்புபவர் சொல்வார். தூரத்துப் படித்துறைக்கு அனுப்பப்பட்டவரின் நினைவு "அந்தக் காலம் பொற்காலம்" என்ற பாட்டில் சேராது. கரையிலிருந்து வீடு அகற்றப்பட்டுத் தள்ளிக் குடியேற்றப்பட்டவர்களையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். கரையில் இப்போது இருப்பவரை மட்டும் எடுத்தால் ஆற்றோடு அதிகம் புழங்கியவர்களே கணக்கில் வராமல் போவார்கள்.

பயத்துக்கும் ஒரு பகுதி வேண்டும். மணல் அள்ளிய குழி தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்து போகிற பிள்ளை அடுத்த அடியில் ஆளுயரத்தில் விழும். இதனால் தாங்கள் ஆற்றிலேயே நீச்சல் பழகியிருந்தும் தங்கள் பிள்ளையை இறங்கவிடாத பெற்றோர் ஏராளம். "நீங்க இறங்குனீங்க, உங்க பிள்ளையை விடுவீங்களா, ஏன்?" என்ற ஒற்றைக் கேள்விக்கு வரும் பதிலில் சாக்கடை, குழி, பாம்பு, சாராயம் குடிப்பவர்கள், தத்தனேரிச் சுடுகாடு என்று காரணம் வரிசையாக வரும். அதை எண்ணிக்கையாக்கினால் மாநகராட்சி முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

ஆற்றுக்காகப் போராடும் குழுக்களிடம் மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். இந்தத் துறையில் பல பழைய ஆய்வுகள் ஆர்வலர்களைக் கூப்பிட்டு "எது உங்களை இதில் இழுத்தது?" என்று கேட்டவைதான். அவர்கள் சின்ன வயசு ஆற்றைச் சொன்னார்கள். அதே ஆற்றில் குளித்துவிட்டு இன்று கரையில் குப்பை கொட்டுபவரை யாரும் கேட்கவில்லை.

---

அடையாறுக்காரன்

சென்னையில் இதே படிவத்தை எடுத்தால் பாதி பொருந்தாது. அடையாறு, கூவத்தின் கீழ்ப்பகுதி கழிமுகம். கடலின் ஏற்ற இறக்கமும், முகத்துவாரத்தில் மணல் அடைப்பதும் உண்டு, ஊற்று தோண்டும் பேச்சே இல்லை. அதோடு 2015 டிசம்பர் வெள்ளம். அப்போது எட்டு வயதாக இருந்த பிள்ளைக்கு ஆற்றோடு ஏற்பட்ட முதல் நெருக்கமே மாடியில் உட்கார்ந்து தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததுதான். நெருக்கமான அனுபவம் என்றால் பாசம் வரும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். மதுரையிலும் செல்லூரில் 2024 அக்டோபர் மழைக்குப் பிறகு வளரும் பிள்ளைகளுக்குத் தனிக் குறியீடு வேண்டியிருக்கும். அங்கே ஏறியது ஆறு அல்ல, கண்மாயும் வாய்க்காலும். ஆனாலும் பதிலில் வைகை மேல்தான் பழி விழும்.

---

கரைவாசி

எல்லாருக்கும் நன்றி. விளையாட்டு, வேலை, சடங்கு என்று பிரிக்கிறோம், படங்கள் முதலில். இன்னொரு சந்தேகம். சர்வேயோடு இரண்டு பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போய், முன்னும் பின்னும் இதே படங்களைக் காட்டிப் பார்க்கலாமா? தண்ணீரில் இறக்கலாமா?

---

மணல்மேடு

நகருக்குள் இறக்க வேண்டாம். குளிக்கத் தகுந்த நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு: 100 மில்லியில் மொத்தக் கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் கிருமிகள்) 500-க்குள், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல், பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 3-க்குள். நகரச் சாக்கடையைச் சுமந்து பந்தல்குடி வாய்க்கால் வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

கரையிலேயே செய்ய வேலை இருக்கிறது. கிருமிச் சோதனைப் புட்டிகள் மலிவு: உள்ளே மருந்து தோய்த்த தாள் இருக்கும், குறிவரை 20 மில்லி நீர் ஊற்றி, மூடி, 30 முதல் 37 டிகிரி சூட்டில் வைத்தால் மலக்கழிவு கலந்த நீர் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்துவிடும். மதுரை வெயிலில் அலமாரியே போதும். மூன்று புட்டி: ஊருக்கு மேலே சோழவந்தான் பக்கம் எடுத்தது, நகருக்குள் எடுத்தது, பள்ளிக் குழாய்த் தண்ணீர். நீரை ஆசிரியர் எடுக்கட்டும், கையுறையோடு, கயிறு கட்டிய வாளியில். கறுத்த புட்டியைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கழிப்பறையில் கொட்டுங்கள். மேலே எடுத்ததும் கறுத்துவிட்டால் ஆசிரியர் பதற வேண்டாம், இந்தச் சோதனை கழிவு உண்டா இல்லையா என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. மாடு குளிப்பாட்டிய இடத்திலும் கறுக்கும்.

---

கணக்குவாத்தியார்

முன், பின் என்று பார்ப்பதாக இருந்தால் கூட்டிப்போகாத வகுப்பு ஒன்றும் வேண்டும். அதே பள்ளியில் "ஏ" பிரிவு போகட்டும், "பி" பிரிவு அடுத்த பருவத்தில் போகட்டும். இருவருக்கும் ஒரே நாளில் படங்களைக் காட்டுங்கள். போய்வந்த மறுநாள் கேட்டால் டூர் போன குஷிதான் பதிலாக வரும், ஆறு வாரம் கழித்துக் கேளுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முன்பின் ஒரு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள், பெரியவர்கள் சர்வேக்கும் அதே விதிதான். அந்த வாரங்களில் வைகையில் தண்ணீரும் இருக்கும், எல்லார் வாயிலும் வைகையும் இருக்கும். பிள்ளைகளிடம் எடுப்பதற்கு முன் தலைமையாசிரியர் கடிதத்தோடு பெற்றோர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.